படைத்தளக் குடியிருப்பில் வீடற்றோருக்கு வீடு: நிலம் வந்தது, குழாய் வரவில்லை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் மூடப்பட்ட படைத்தளங்களின் குடியிருப்புகள் வீடற்றவர்களுக்கான வீடுகளாக மாற்றப்படுவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். நான் கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து நகரில் பல ஆண்டுகளாக வசித்து வருகிறேன். எங்கள் நகரத்துக்கும் அலமீடா தீவுக்கும் இடையே இருப்பது ஒரு குறுகிய கடற்கால்வாய்தான். அதன் அடியில் செல்லும் சுரங்கச் சாலையைத் தாண்டி மேற்கே திரும்பினால், கட்டுரையில் பேசப்பட்ட வகைக் குடியிருப்பு ஒன்று சில நிமிடங்களில் வந்துவிடும். அங்கே தன்னார்வலராகப் போய்வரும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால், கட்டுரை சொல்லாமல் விட்டதையும், கடிதங்களில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒன்றிரண்டையும் எடுத்துச் சொல்வது என் பொறுப்பு என்று நினைக்கிறேன்.

கட்டுரை இந்த மாற்றத்தை நல்ல உள்ளங்களின் கொடையாகவே சித்திரித்தது. வாசகர்களில் ஒருவர், இலவசமாக வீடு கொடுத்தால் உழைக்கும் எண்ணமே அற்றுப்போகும் என்று கவலைப்பட்டார். இன்னொருவர், அக்கம்பக்கத்தில் குடியிருப்போரின் பாதுகாப்பு என்னாவது என்று கேட்டார். என் கருத்து இது: அந்த வீடுகள் சட்டம் கொடுத்த உரிமையைக் கொண்டு கேட்டுப் பெறப்பட்டவை, அவை இலவசமும் இல்லை. ஆனால், நிலத்தையும் பழைய கட்டடங்களையும் ஒப்படைத்ததோடு தன் கடமை முடிந்தது என்று அரசு ஒதுங்கிக்கொண்டது. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், குடும்பங்களோடு கூட நிற்கும் பணியாளர்களின் சம்பளம் ஆகிய மீதிக் கடமை இத்தனை ஆண்டுகளாக இழுபறியிலேயே கிடக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். அலமீடா கடற்படை விமானத் தளம் 1940 நவம்பர் 1 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில், ஜப்பான் மீது குண்டு வீசப் புறப்பட்ட டூலிட்டில் படையின் விமானங்கள் 1942 ஏப்ரலில் ஹார்னெட் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ஏற்றப்பட்டது இந்தத் துறையில்தான். அந்தக் கப்பல் போரில் மூழ்கிய பிறகு அதே பெயரில் கட்டப்பட்ட இன்னொரு கப்பல், 1969-இல் நிலவிலிருந்து திரும்பிய அப்போலோ 11 வீரர்களைக் கடலிலிருந்து மீட்டது. அது இன்று அருங்காட்சியகமாக இங்கே நிற்கிறது. பனிப்போர் முடிந்ததும் ராணுவச் செலவைக் குறைக்க அமெரிக்க நாடாளுமன்றம் வரிசையாகத் தளங்களை மூடியது. 1993-ஆம் ஆண்டு பட்டியலில் அலமீடாவின் பெயர் வந்தது. 1997 ஏப்ரலில் கொடி இறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஓடுதளங்களும் விமானக் கொட்டகைகளும் மட்டுமல்லாமல், மாலுமிகளின் குடும்பங்கள் வாழ்ந்த நூற்றுக்கணக்கான வீடுகளும் ஒரே சமயத்தில் காலியாயின. அதே வேளையில், கடற்கால்வாயின் மறுகரையில், மேம்பாலங்களின் அடியிலும் தேவாலயக் கூடங்களிலும் குடும்பங்கள் இரவைக் கழித்துக்கொண்டிருந்தன.

காலி வீடும் வீடில்லாத குடும்பமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், அவை தாமாக ஒன்றுசேர்ந்துவிடுவதில்லை. அவற்றைச் சேர்த்துவைத்தது சட்டம். 1987-இல் இயற்றப்பட்ட மெக்கின்னி சட்டத்தின் ஐந்தாம் பகுதி, மத்திய அரசுக்குத் தேவைப்படாத நிலமும் கட்டடமும் எங்கிருந்தாலும், அவற்றைக் கேட்டுப் பெறுவதில் வீடற்றோருக்கு உதவும் அமைப்புகளுக்கே முதலுரிமை என்று விதித்தது. ஓர் அஞ்சல் நிலையத்துக்கோ கிடங்குக்கோ இது பொருந்தி வந்தது. ஆனால், ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்புள்ள படைத்தளங்கள் மூடப்பட்டபோது, வேலைவாய்ப்பை இழந்து நின்ற நகராட்சிகள், துண்டு துண்டாக நிலம் போய்விட்டால் முழுத்தளத்துக்கும் திட்டம் போடுவது எப்படி என்று முறையிட்டன. அந்த முறையீட்டில் நியாயம் இருந்தது. அதன் விளைவாக 1994-இல் படைத்தளங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதன்படி, தளம் மூடப்படும் ஊரில் மறுமேம்பாட்டு ஆணையம் ஒன்று அமைக்கப்பட வேண்டும். அந்த ஆணையம் வட்டாரத்தில் வீடற்றோருக்காக உழைக்கும் அமைப்புகளைத் தேடிச் சென்று, தளத்தைச் சுற்றிக் காட்டி, அவர்களின் விருப்ப மனுக்களைப் பெற வேண்டும். அதன்பின் வகுக்கப்படும் திட்டம் ஊரின் பொருளாதார வளர்ச்சிக்கும் வீடற்றோரின் தேவைக்கும் இடையே சமநிலை கொண்டதா என்று மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறை பரிசீலித்து ஒப்புதல் தர வேண்டும். வீடற்றோருக்கென்று ஒதுக்கப்படும் சொத்துக்கு விலை கிடையாது.

இந்த நடைமுறையை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீடற்றவர்களுக்கு எங்கும் முதலில் இல்லாமல்போவது, திட்டம் போடும் மேசையில் ஓர் இருக்கை. மற்றவர்கள் எல்லாம் பங்கு போட்டுக்கொண்ட பிறகு மிஞ்சியதைக் கேட்டு நிற்பதே அவர்கள் வழக்கம். 1994-ஆம் ஆண்டுச் சட்டம், வரைபடம் விரிக்கப்படும்போதே அவர்கள் சார்பில் ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும் என்றது. அவர்களைக் கேட்காமல் போட்ட திட்டம் வாஷிங்டனிலிருந்து திரும்பி வந்துவிடும் என்பது நகராட்சிகளுக்குத் தெரிந்திருந்தது. இரக்கத்தை நம்பியிருந்தால் அலமீடாவில் ஒரு வீடுகூடக் கிடைத்திருக்காது என்று அந்நாளில் மனுப்போட்டவர்கள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அதை நான் முழுமையாக நம்புகிறேன்.

அப்படி மனுப்போட்ட அமைப்புகள் ஒன்றுசேர்ந்ததன் பயனாக 1999-இல் அலமீடா பாயின்ட் கொலாபரேட்டிவ் என்ற கூட்டமைப்பு உருவானது. தளத்தில் 34 ஏக்கர் பரப்பில், மாலுமிகள் விட்டுச்சென்ற ஏறத்தாழ 200 வீடுகளில், சுமார் 500 பேர் இன்று வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் குழந்தைகளும் இளையோரும். கணவனின் அடி உதையிலிருந்து தப்பி வந்த தாய்மாருக்காகச் செயல்படும் பில்டிங் ஃபியூச்சர்ஸ், முன்னாள் படைவீரர்களுக்காகச் செயல்படும் ஆபரேஷன் டிக்னிட்டி ஆகிய அமைப்புகளும் அதே தளத்தில் வீடுகளைப் பெற்று நடத்துகின்றன. நாட்டுக்காகப் போருக்குப் போய்த் திரும்பி, மனம் உடைந்து தெருவில் படுத்தவர்கள், தாங்கள் ஒருகாலத்தில் பணியாற்றிய படையின் வீட்டிலேயே குடியேறினார்கள். இதைவிடப் பொருத்தமான பயன்பாடு அந்த வீடுகளுக்கு இருந்திருக்க முடியாது.

இனி, 'இலவசம்' என்ற பேச்சுக்கு வருகிறேன். இந்த வகை வீடுகளில் குடியிருப்போர் தம் வருமானத்தில் சுமார் 30 விழுக்காட்டை வாடகையாகக் கட்டுகிறார்கள். கலிஃபோர்னியாவில் உடல் ஊனமோ தீராத நோயோ உள்ள, வேறு வருமானம் இல்லாத தனியாள் ஒருவருக்குக் கிடைக்கும் அரசு உதவித்தொகை மாதம் ஏறத்தாழ 1,200 டாலர். அதில் முந்நூற்றைம்பது டாலருக்கு மேல் வாடகைக்கே போய்விடும். மீதியில்தான் சாப்பாடு, பேருந்து, துணி துவைக்கும் எந்திரத்துக்கான காசு, எல்லாம். வெளியே இதே தீவில் ஓர் அறை கொண்ட வீட்டின் வாடகை இரண்டாயிரம் டாலருக்குக் குறையாது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் எவரும், இம்மக்கள் தெருவுக்கு வந்தது சோம்பலாலா, வாடகையாலா என்று ஐயப்பட வேண்டியதில்லை. வேலையில் இருப்பவர்களும் இங்கே உண்டு. விடியற்காலையில் விமான நிலையத்தில் தரை துடைக்கப் போகும் ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். இங்கே வருவதற்கு முன்பும் அவர் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்; காரில் தூங்கி எழுந்து போனார்.

அந்த வளாகத்தில் பிளவ்ஷேர்ஸ் நர்சரி என்ற செடி வளர்ப்புப் பண்ணை இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சொந்த மண்ணுக்குரிய, தண்ணீர் அதிகம் கேட்காத செடிகளை வளர்த்து, பொதுமக்களுக்கும் தோட்ட ஒப்பந்தக்காரர்களுக்கும் விற்கிறார்கள். குடியிருப்போருக்குச் சம்பளத்துடன் வேலைப் பயிற்சி தருவதே அதன் நோக்கம். நான் அங்கே உதவப் போகும்போது எனக்கு வேலை சொல்லித் தருபவர் அறுபது வயதைக் கடந்த ஒருவர். சேஜ் என்ற நறுமணச் செடியைச் சிறு குப்பியிலிருந்து பெரிய தொட்டிக்கு மாற்றும்போது, வேர் பந்தாகச் சுருண்டிருந்தால் அதை விரலால் மெல்லப் பிரித்து, நுனிகளை வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டு, அதன்பிறகே மண்ணிட வேண்டும் என்பார். அவசரப்பட்டு அப்படியே வைத்தால், செடி வாங்கிப் போனவர் வீட்டில் ஓராண்டு கழித்துப் பட்டுப்போகும். பழி நம் பண்ணைக்கு வரும் என்பார். எத்தனையோ ஆண்டுகள் எந்த முகவரியும் இல்லாமல் இருந்த மனிதர் 'நம் பண்ணை' என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் இருக்கும் உரிமையை நான் கவனித்திருக்கிறேன். உழைக்கும் எண்ணம் போய்விடும் என்று எழுதிய வாசகர் ஒருநாள் அவருக்கு எதிரே உட்கார்ந்து தொட்டி நிரப்பிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வீட்டின் உள்ளே நடப்பது இதைவிட மெதுவானது. புதிதாக வரும் குடும்பங்கள் பல வாரங்கள் பையைப் பிரிப்பதில்லை என்று அங்குள்ள பணியாளர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் தனித்தனிக் கட்டில் இருந்தும் ஒரே அறையில் தரையில் ஒட்டிப் படுப்பார்கள். குளிர்பெட்டியில் இருக்கும் உணவை எடுத்துத் தலையணை அடியில் ஒளித்து வைப்பார்கள். பள்ளிக்கூடம் மாறாமல் ஒரு கல்வியாண்டு முழுவதும் ஒரே வகுப்பில் உட்கார்வதே அப்பிள்ளைகளில் சிலருக்குப் புதிய அனுபவம். இந்த இடத்தில்தான் கேஸ் மேனேஜர் என்று அழைக்கப்படும் பணியாளரின் அருமை தெரியும். உதவித்தொகைக்கான படிவத்தை நிரப்புவது, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவது, மதுவை விட்டவர் மறுபடி சறுக்கும்போது வீட்டைப் பறிக்காமல் கூடவே நிற்பது, வாடகை தவறிய மாதத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டால், பத்தில் சில வீடுகளாவது சில மாதங்களில் மீண்டும் காலியாகும் என்று அனுபவப்பட்டவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நிலம் கொடுத்த சட்டத்தில் இந்தப் பணியாளருக்கான சம்பளம் இல்லை. அது ஆண்டுதோறும் மானியம், மானியமாகத் தேடிச் சேர்க்கப்படுகிறது. ஓராண்டு தடைப்பட்டால் ஆட்கள் போய்விடுகிறார்கள். இத்தனை நாள் நம்பிப் பேசிய முகம் மறைந்து, குடும்பங்கள் புதிய ஒருவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாகிறது.

வீடும் துணையும் சேர்ந்து கிடைத்தால் பலன் உண்டு என்பதற்கு அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் கணக்கே சான்று. 2010-இல் ஏறத்தாழ 74,000 முன்னாள் படைவீரர்கள் வீடின்றி இருந்தனர். வாடகை உதவிச் சீட்டையும் மருத்துவ, மனநலப் பணியாளரையும் ஒன்றாக இணைத்துக் கொடுக்கும் திட்டத்தைத் தொடர்ந்து நடத்திய பிறகு, 2024 ஜனவரியில் ஓர் இரவில் எடுத்த கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை 32,882 ஆகக் குறைந்திருந்தது. அதே இரவில் நாடு முழுவதும் எண்ணப்பட்ட வீடற்றோர் மொத்தம் 7,71,480 பேர். இதற்கு முன் எந்தக் கணக்கெடுப்பிலும் காணாத எண்ணிக்கை அது. எங்கள் அலமீடா மாவட்டத்தில் மட்டும் 9,450 பேர். ஒரே நாட்டில், ஒரே வாடகைச் சந்தையில், ஒரு பிரிவினரின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. மற்றவர்களின் எண்ணிக்கை ஏறியது. இந்த வேறுபாட்டை மனித குணத்தை வைத்து விளக்க முடியாது. ஒரு பிரிவினருக்கு அரசு விடாமல் செலவழித்தது, மற்றவர்களுக்கு அந்த அளவுக்குச் செலவழிக்கவில்லை. இப்படியிருக்க, முதலில் வீடு, பிறகு மற்றவை என்ற கொள்கைக்கான ஆதரவை நிறுத்தும்படி 2025 ஜூலையில் அதிபரின் ஆணை வெளியானது. எனக்குப் பெரும் வருத்தம் அளித்த ஆணை அது. போதையிலிருந்து விடுபட்டு வந்தால்தான் வீடு என்பது, காய்ச்சல் தணிந்த பிறகு வா, மருந்து தருகிறேன் என்பது போல.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொரு செய்தி, மண். படைத்தளம் என்றால் பல பத்தாண்டுகளாக எரிபொருள், கரைப்பான், வண்ணப்பூச்சு, பேட்டரி அமிலம் எல்லாம் சிந்திய தரை என்று பொருள். அலமீடா தளம் 1999-இல் நாட்டின் மிக மாசுபட்ட இடங்களைக் கொண்ட சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இருட்டிலும் தெரிவதற்காக விமானக் கருவிகளின் முகப்பில் ரேடியம் கலந்த வண்ணம் பூசிய பணிமனை இங்கே இருந்தது. அதன் கழிவு மழைநீர் வடிகாலில் கலந்திருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ட்ரெஷர் ஐலண்டிலும் இதே நிலைதான். 1939-ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகக் கடலில் மண் கொட்டி உருவாக்கப்பட்ட அந்தத் தீவைப் போர்க்காலத்தில் கடற்படை எடுத்துக்கொண்டு 1997 வரை வைத்திருந்தது. பின்னர் அங்கிருந்த மாலுமிகளின் வீடுகளில் ஒரு பகுதி வீடற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அவர்கள் குடியேறிய பிறகும் ஆண்டுக்கணக்கில், வீடுகளுக்கு இடையே வேலி போட்டு மண்ணைத் தோண்டி எடுக்கும் பணி நடந்துகொண்டிருந்தது. வேறு போக்கிடம் இல்லாத மக்களை அங்கே குடியேற்றிவிட்டு, பிறகு மெல்லச் சுத்தம் செய்ததை நான் நியாயம் என்று ஏற்க மாட்டேன். வசதி படைத்தோருக்கு விற்கும் வீடு என்றால், மண்ணைச் சோதித்துச் சான்று பெறாமல் ஒரு செங்கல்லைக்கூட வைத்திருக்க மாட்டார்கள். அதே அளவுகோல் இவர்களுக்கும் வேண்டும். ஆனாலும், மாசைக் காட்டி இத்திட்டங்களையே வேண்டாம் என்று சொல்வோருடன் நான் உடன்படவில்லை. ட்ரெஷர் ஐலண்டில் முன்னாள் படைவீரர்களுக்காக 2023-இல் திறக்கப்பட்ட மேசியோ மே அடுக்குமாடிக் குடியிருப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. தூய்மைப்படுத்திய நிலத்தில் புதிதாகக் கட்டித் தருவது நடக்கக்கூடியதே என்பதற்கு அது நம் கண்முன் நிற்கும் எடுத்துக்காட்டு.

இடத்தின் அமைவும் கவனிக்க வேண்டியது. தென் கலிஃபோர்னியாவில் லாங் பீச் நகரின் மேற்கு ஓரத்தில், 27 ஏக்கர் அளவுள்ள பழைய கடற்படைக் குடியிருப்பு, வில்லேஜஸ் அட் கப்ரியோ என்ற பெயரில் 1997 முதல் வீடற்றோருக்கான குடியிருப்பாக இயங்கி வருகிறது. முன்னாள் படைவீரர்கள், குடும்பங்கள், இளைஞர்கள் என்று ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவில் அங்கே வாழ்கிறார்கள். மருத்துவ நிலையமும் குழந்தைகள் காப்பகமும் வளாகத்துக்குள்ளேயே உண்டு. இந்த வகையில் நாட்டிலேயே பெரிய முயற்சிகளில் அது ஒன்று. ஆனால் அந்த இடத்தை ஒட்டித் துறைமுகத்துக்குச் சரக்கு லாரிகள் ஓடும் விரைவுச்சாலையும் ரயில் பாதையும் செல்கின்றன. புகையைத் தடுக்க ஓரமெங்கும் மரங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். ராணுவம் ஊருக்கு வெளியே, கடலோரத்தில், சாலை முடியும் இடத்தில் தளம் அமைக்கும். கார் இல்லாத மனிதருக்கு அந்த இடத்திலிருந்து காய்கறிக் கடைக்குப் போவதே ஒரு பயணம். எனவே வீட்டோடு பேருந்தும் கடையும் மருத்துவரும் சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும்.

அலமீடாவில் இன்று எல்லாவற்றுக்கும் மேலாக என்னை வருத்தும் விஷயம் குழாய்தான். தளத்தின் நிலத்தடிக் குழாய்களில் பல 1940-களில் பதிக்கப்பட்டவை. குடிநீர்க் குழாய் உடைவதும், சாக்கடை பின்னால் ஏறி வீட்டுக்குள் வருவதும் அங்கு வாழ்வோருக்குப் பழகிப்போன துன்பங்கள். பழைய வீடுகளைப் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டியாயிற்று. இனியும் ஒட்டுப்போட இடமில்லை. இதை உணர்ந்துதான் மூன்று அமைப்புகளும், மிட்பென் ஹவுசிங் என்ற இலாபநோக்கற்ற கட்டுமான நிறுவனத்துடன் இணைந்து, சிதறிக் கிடக்கும் பழைய வீடுகளுக்குப் பதிலாகப் பத்து ஏக்கர் அளவில் ஒரே இடத்தில் புதிய வீடுகளைக் கட்டும் திட்டத்தை வகுத்தன. இப்போதுள்ள குடும்பங்கள் அனைவருக்கும் இடம் கொடுத்து, கூடுதலாகவும் நூறு வீடுகள் அளவில் கிடைக்கும் திட்டம் அது. வரைபடம் தயார், அமைப்புகள் தயார், குடியிருப்போர் தயார். வீட்டுக்கு முன்னால் சாலையும் தண்ணீரும் சாக்கடையும் வர வேண்டும்; அந்தச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியில் ஆண்டுகள் பல ஓடிவிட்டன. விற்பனை வீடு கட்டும் நிறுவனம் குழாய்ச் செலவை வீட்டின் விலையில் ஏற்றிக்கொள்ளும். வருமானத்தில் 30 விழுக்காடு வாடகை வாங்கும் அமைப்பு எதில் ஏற்றும்?

இதற்கிடையில் தளத்தின் மற்ற பகுதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய கடல்விமானத் துறையில் 2021-இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் படகுச் சேவை தொடங்கியது. அதைச் சுற்றி எழுந்துள்ள புதிய வீடுகள் பத்து லட்சம் டாலர் அளவில் விலை போகின்றன. நம் தமிழ்க் குடும்பங்களும் அவற்றை வாங்குகின்றன. அதில் தவறொன்றும் இல்லை. அதிகாரிகள் வாழ்ந்த பெரிய வெள்ளை வீடுகள் இன்றும் அழகாகப் பராமரிக்கப்பட்டுச் சந்தை வாடகைக்கு விடப்படுகின்றன. புதிய சாலை, புதிய விளக்கு, புதிய குழாய் எல்லாம் அந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டன. இந்தப் பக்கத்தில், முதலில் வந்தவர்கள் வீட்டின் எண்பதாண்டுக் குழாய் இன்னும் அப்படியே கிடக்கிறது. சட்டம் அவர்களுக்கு மேசையில் முதல் இருக்கையைக் கொடுத்தது உண்மை. பந்தி பரிமாறும்போது அவர்கள் இலைக்குக் கடைசியில் வருகிறார்கள்.

தாமதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சியாட்டில் நகரத்தைப் பார்க்கலாம். அங்குள்ள லாட்டன் கோட்டையின் ராணுவ இருப்புப் படை மையத்தை மூடுவது என்று 2005-இல் முடிவானது. வீடற்ற முதியோருக்கான 85 வீடுகளை உள்ளடக்கிய திட்டம் வழக்குகளிலும் சுற்றுச்சூழல் ஆய்விலும் சிக்கி, 2019-இல்தான் நகர மன்றத்தின் ஒருமனதான ஒப்புதலைப் பெற்றது. அதற்குப் பிறகும் ஆண்டுகள் கடந்தன, கட்டுமானம் தொடங்கவில்லை. 2005-இல் அறுபது வயதில் தெருவில் இருந்த ஒருவர், தனக்கென்று ஒதுக்கப்பட்ட அறைக்காக எண்பது வயது வரை காத்திருக்க வேண்டும் என்றால், அவர் அதுவரை இருப்பாரா?

அக்கம்பக்கத்தாரின் அச்சம் பற்றி எழுதிய வாசகருக்கும் மறுமொழி சொல்ல வேண்டும். அந்த அச்சத்தை நான் இழிவாகப் பேச மாட்டேன். பிள்ளை குட்டிகளோடு வாழ்வோருக்கு அது இயல்பு. ஆனால் அலமீடா மக்கள் இந்தக் கேள்விக்கு வாக்குச் சீட்டிலேயே விடை சொல்லியிருக்கிறார்கள். தீவின் மறுபுறம் மெக்கே அவென்யூவில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வணிகக் கப்பல் அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்த அரசு வளாகத்தை, வீடற்ற முதியோருக்கும் நோயாளிகளுக்கும் உரிய நலமையமாக மாற்ற அலமீடா பாயின்ட் கொலாபரேட்டிவ் முன்வந்தது. அந்த இடத்தைத் திறந்தவெளியாகவே வைக்க வேண்டும் என்று எதிர்ப்பாளர்கள் கையெழுத்து திரட்டினார்கள். 2019 ஏப்ரலில் நடந்த சிறப்புத் தேர்தலில், நலமையத்துக்கு ஆதரவான தீர்மானம் வென்றது. திறந்தவெளித் தீர்மானம் தோற்றது. தளத்துக் குடியிருப்பை இருபதாண்டுகளாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஊர் அது. அறியாத ஒன்றுக்கு அவர்கள் வாக்களிக்கவில்லை. தங்கள் பிள்ளைகளின் பள்ளியில் கூடப் படித்த பிள்ளைகளின் வீடுகளைப் பார்த்துவிட்டே வாக்களித்தார்கள்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். படைத்தள வீடுகள் பற்றி மீண்டும் எழுதும்போது, திறப்பு விழாப் படத்தோடு நிறுத்தாமல், குடியேறி இருபது ஆண்டுகள் ஆன வீட்டின் கூரையும் குழாயும் எப்படி இருக்கின்றன என்பதையும் எழுத ஏற்பாடு செய்யுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வாழும் தமிழர்களில் பலர் தங்கள் இணையப் பதிப்பை நாள்தோறும் படிக்கிறார்கள். அலமீடா நகர மன்றக் கூட்டங்கள் பொதுமக்கள் பேசுவதற்குத் திறந்தவை. நேரில் போகாமல் இணையவழியிலும் கருத்தைத் தெரிவிக்கலாம். தளத்தின் உள்கட்டமைப்புக்கான நிதி ஒதுக்கீடு விவாதத்துக்கு வரும் நாளில், புதிய வீடு வாங்கியவர்கள் எழுந்து, எங்கள் தெருவுக்குக் கொடுத்த குழாயை அந்தத் தெருவுக்கும் கொடுங்கள் என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு மன்றத்தில் தனி மதிப்பு இருக்கும். பேசத் தயங்குவோர், பிளவ்ஷேர்ஸ் நர்சரியில் தோட்டத்துக்கு வேண்டிய செடிகளை வாங்கலாம். அங்கு செலவழிக்கும் பணம் குடியிருப்போரின் வேலைப் பயிற்சிக்கு உதவுகிறது. அமெரிக்க நாடாளுமன்றம் இனியொரு முறை தளங்களை மூட முடிவெடுத்தால், நிலத்தைக் கொடுக்கும் அதே சட்டத்தில், மண்ணைத் தூய்மை செய்து முடிக்கும் காலக்கெடுவும், குழாய்க்கான நிதியும், குறைந்தது பத்தாண்டுகளுக்குப் பணியாளர் சம்பளமும் எழுதப்பட வேண்டும் என்று எங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற வாசகர்கள் தங்கள் தொகுதி உறுப்பினர்களுக்கும் அதையே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓக்லாந்து, கலிஃபோர்னியா